ஃபார்மேட் அடித்த அன்று உங்களுக்கு என்ன நடந்தது?

அல்சூர்க்காரன், பெங்களூரு:
2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றதே, அந்த வாரம்தான் உட்கார்ந்தேன். எஸ்.பி. ரோட்டில் புது டிஸ்க்காக 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி எல்லாம் தயார். எங்கே போடுவது என்று கேட்கும் திரையில் சி, டி என்று எழுத்து வராது, தெரியும்தானே. டிரைவ் 0, டிரைவ் 1 மட்டும்தான். 0 என்றால் எஸ்எஸ்டி என்று நினைத்து வரிசையாக டிலீட் அடித்தேன். கடைசியில் ஒரே வரி நின்றது: 931.5 ஜிபி. புது எஸ்எஸ்டி இல்லை, பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்த எண்ணைப் பார்த்ததும் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. அடுக்களையிலிருந்து அம்மா, "முடிஞ்சுதாடா?" என்றார். "முடிஞ்சுதும்மா" என்றேன். இன்னும் சொல்லவில்லை.

மாட்டுங்கா வாசி, மும்பை:
எனக்கு ஃபைல் ஒன்றும் போகவில்லை. அப்பா தன் ஊர்க் கதைகளை பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்து வைத்திருந்தார். புது விண்டோஸில் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி யூனிகோடு இல்லையே, ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் போட்ட ஃபான்ட்; அது போனால் தமிழும் போயிற்று. அப்பா திரையை விரலால் தொட்டு, "இதுவா நான் எழுதினது?" என்றார். ஃபான்ட்டைத் தேடிப் போட்டதும் எல்லாம் திரும்பிவிட்டது. ஆனாலும் அந்த முகம் மறக்கவில்லை.

ஆர்.கே.புரத்தான், தில்லி:
என் மனைவியின் லேப்டாப்பில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் சாவி கேட்டு ராத்திரி முழுக்க நீலத் திரை முன்னால் உட்கார்ந்தவன் நான்.
அல்சூர்க்காரரே, எழுத்து இல்லாவிட்டால் என்ன, அளவு பக்கத்திலேயே இருக்குமே! விண்டோஸ் போடும்முன் மற்ற டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். லேப்டாப் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள். பழைய விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்து மதர்போர்டும் அதேதான் என்றால் லைசென்ஸ் தானாக வந்துவிடும், காசு கொடுத்து கீ வாங்காதீர்கள். மாட்டுங்கா நண்பருக்கு ஆனதுபோல் ஆகாமலிருக்க ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் நகலெடுங்கள். அப்புறம், பார்ட்டிஷனை டிலீட் செய்தால் முதலில் போவது அதன் அட்டவணைதான். ஹார்ட் டிஸ்க்கில் மேலே எதுவும் எழுதாதவரை டேட்டா உள்ளேயே கிடக்கும். போன பார்ட்டிஷனை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருள் இலவசம், போட்டுப் பாருங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் எதுவும் ஏற்றவில்லையே?

அல்சூர்க்காரன்:
அளவு இருந்தது, சரி. நான் பார்க்கவில்லை. அன்றைக்கே டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். எதுவும் ஏற்றவில்லை. பிரதோஷத்தன்று அம்மா சோமேஸ்வரர் கோயிலுக்குப் போவார். அப்போது எடுக்கிறேன்.