பிசிஎம்மையும் டெல்டா மொடுலேஷனையும் எப்படி நியாயமாக ஒப்பிடுவது?

அண்ணாமார், அக்காமார், கொஞ்சம் உதவி தேவை. வெள்ளவத்தையில் ரூமில் இருந்து மூன்று இரவாக மெட்லாப் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறேன், அலையை பிட்டுகளாக மாற்றும் முறைகளை ஒப்பிடும் புரொஜெக்ட், வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும்.

உள்ளீடு 1020 ஹேர்ட்ஸ் சைன் அலை, உச்சம் 1. (1000 வைத்தால் அதே 8 சாம்பிள்தான் திரும்பத் திரும்ப வருகிறது, அது புரியவே ஒரு நாள் போனது.) 8 கிலோஹேர்ட்ஸ் சாம்பிள் வீதம், 8 பிட் சாதாரண பிசிஎம்மில் (ஒவ்வொரு சாம்பிளையும் சம படிகளில் எண்ணாக்கும் முறை) சிக்னல்-இரைச்சல் விகிதம் 49.9 டெசிபல் வருகிறது, சூத்திரமும் அதைத்தான் சொல்கிறது. மியூ-லோவில் (சிறிய மதிப்புகளுக்கு நுண்ணிய படி கொடுக்கும் முறை), மியூ 255 வைத்து, 38தான். முதலில் கோட் பிழை என்று பயந்தேன், அப்புறம் உச்சத்தை 0.01 ஆக்கினால் சாதாரணம் 10க்குக் கிட்ட விழுகிறது, மியூ-லோ 30க்கு மேலே நிற்கிறது. சரி, அது விளங்கிவிட்டது.

சிக்கல் டெல்டா மொடுலேஷனில் (ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு படி மேலே அல்லது கீழே என்று 1 பிட் மட்டும் அனுப்பும் முறை). 8 கிலோஹேர்ட்ஸில் ஓடவிட்டால் அலையின் சரிவைப் பிடிக்கவே முடியவில்லை, படி 0.8 அளவு வேண்டும், அது படி இல்லை, மதில். அதனால் பிட் வீதம் சமமாக இருக்கட்டும் என்று 64 கிலோஹேர்ட்ஸ், 1 பிட் எடுத்தேன், படி 0.1க்குச் சற்று மேல் போதும். ஆனால் இரைச்சலை அளக்கும் முன் 4 கிலோஹேர்ட்ஸ் லோ பாஸ் ஃபில்டர் (அதற்கு மேலுள்ள அதிர்வெண்களை வெட்டுவது) போடவேண்டுமா? போட்டால் ஒரு எண், போடாவிட்டால் வேறு எண், எதை அறிக்கையில் எழுதுவது?

இன்னொன்று, டிபிசிஎம்மில் (சாம்பிளுக்கும் அதன் முன்கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் முறை) வெளியீடு போகப்போக விலகுகிறது. முன்கணிப்புக்கு மூல சாம்பிளைக் கொடுத்ததுதான் காரணமோ? குவாண்டைஸ் செய்து (கிட்டிய படிக்கு மாற்றி) மீட்டதைக் கொடுக்கவேண்டும் என்று சந்தேகம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ, கோட் இன்பொக்ஸில் அனுப்புகிறேன்.