காதிரைச்சலுக்கு ஜின்கோவா, நாக்குக் கருவியா? ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

டிக்கோயா_டிஸ்பென்சரி:
வணக்கம். தேயிலை ஸ்டோரில் ரோலர் பக்கம் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்யும் 52 வயதுக்காரர் ஒருவர். எட்டு மாதமாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல் இரைச்சல். ஒடியோகிராமில் (கேட்கும் திறன் பரிசோதனைப் படம், டெசிபெல் கூடினால் கேட்பது குறைவு) 1000 ஹேர்ட்ஸ் வரை சரி. 4000இல் வலது 50, இடது 55 டெசிபெல். 8000இல் இரண்டும் கொஞ்சம் தேறியிருக்கிறது. செவிப்பறையில் கோளாறு இல்லை. டி.எச்.ஐ. (இரைச்சல் வாழ்க்கையை எவ்வளவு குழப்புகிறது என்று அளக்கும் கேள்விப்பட்டியல்) 44. இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 மி.கி. போடுகிறார்.

மூன்று மாதம் ஜின்கோ (ஒரு மரத்தின் இலைச் சாறு) மாத்திரை போட்டால் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகன் நாக்கில் வைக்கும் கருவியைப் பற்றி இணையத்தில் பார்த்துவிட்டு, நகையை அடகு வைத்தாவது வெளிநாட்டிலிருந்து எடுப்போம் என்கிறார். இரண்டுக்கும் ஆய்வு ஆதாரம் என்ன? அவருக்கு நான் எதைச் சொல்லி அனுப்புவது?

செவிமானி:
முதலில் ஒடியோகிராம். 4000இல் பள்ளம் விழுந்து 8000இல் தேறினால் அது மெஷின் சத்தம் தின்ற காது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 5 டெசிபெல்தான், ஆகவே நரம்புக் கட்டியைத் தேடி எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பவேண்டிய படம் அல்ல. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடியோடு சேர்ந்து துடிக்கும் இரைச்சல், தலைச்சுற்று, முகம் ஒரு பக்கம் இழுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்கில் காட்டியே ஆகவேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று காது கேளாமல் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அனுப்புங்கள். ஸ்டீரொய்ட் கொடுப்பதென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கவேண்டும். நாடியோடு துடிக்கும் இரைச்சல் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வந்தால் ஹீமோகுளோபினையும் பாருங்கள், இரத்தசோகையிலும் அது வரும்.

ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரைச்சலைக் கிளப்புவது கிராம் கணக்கில் போடும்போதுதான், 75 மி.கி. அல்ல.

டி.எச்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. 25 கேள்வி, 'ஆம்' 4, 'சிலவேளை' 2, 'இல்லை' 0. மொத்தம் எப்போதும் இரட்டை எண்தான் வரும். யாராவது 43 என்று எழுதிக்கொண்டு வந்தால் கூட்டல் பிழை. 38 முதல் 56 வரை நடுத்தரம், ஆகவே 44 நடுத்தரம். 7 புள்ளி குறைந்தால்தான் நோயாளி உணரும் மாற்றம் என்பது ஆய்வுகளில் பழகிய அளவு. இரட்டை எண்ணே வருவதால் நடைமுறையில் அது 8.

பேராதனை_வாசகன்:
ஜின்கோவை முதலில் முடித்துவிடுவோம். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வில் 1121 பேர். ஒரு பாதிக்கு தினம் 150 மி.கி. ஜின்கோ, மறு பாதிக்கு வெற்று மாத்திரை, 12 வாரம், யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது. முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அமெரிக்க ஈ.என்.டி. அமைப்பின் 2014 வழிகாட்டி ஜின்கோ, மெலடொனின், துத்தநாகம் எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. உங்கள் ஆள் ஆஸ்பிரின் வேறு போடுகிறார். ஜின்கோவைச் சேர்த்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடலாம். காசும் போய், அதுவும் எதற்கு?

செவிப்பறை வழியாக ஊசி மருந்து ஏற்றும் வழியும் பார்த்தாகிவிட்டது. ஏ.எம்.-101 என்ற மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வுகள் 2016இலும் 2018இலும் தோற்றன. ஓ.டி.ஓ.-313 என்ற இன்னொரு மருந்து இரண்டாம் கட்டத்திலேயே 2022இல் நின்றது.

நாக்குக் கருவி கொஞ்சம் சிக்கலான விஷயம். லெனையர் என்பது அதன் பெயர். காதில் ஒலி கொடுத்துக்கொண்டே நாக்கு நுனியில் மெல்லிய மின் அதிர்வு கொடுக்கும். அமெரிக்க மருந்து, கருவி அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 மார்ச்சில் அனுமதித்தது. 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 326 பேர், 12 வாரம், பெரும்பாலானோருக்குக் குறைந்தது.

டிக்கோயா_டிஸ்பென்சரி:
பெரும்பாலானோருக்குக் குறைந்தது என்றால் மகன் கேட்பது நியாயம்தானே? தயக்கம் எதில்?

பேராதனை_வாசகன்:
எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில். அந்த 326 பேரையும் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். மூன்றுக்கும் அதே கருவி, ஒலியும் அதிர்வும் கொடுக்கும் அமைப்பு மட்டும் வேறு. சும்மா இருந்த கூட்டமோ பொய்க் கருவி வைத்த கூட்டமோ கிடையாது. காதிரைச்சலில் இது பெரிய ஓட்டை. தாங்கமுடியாத நாளில்தான் ஆள் ஆய்வில் சேர வருவார். அதற்கப்புறம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அக்கறையாகக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதாலும் இறங்கும். இவை எல்லாம் கருவியின் கணக்கில் ஏறிவிடும்.

அனுமதிக்கு அடிப்படையான அடுத்த ஆய்வில் 112 பேர். முதல் 6 வாரம் ஒலி மட்டும், பின் 6 வாரம் ஒலியும் நாக்கும். டி.எச்.ஐ. 38உம் அதற்கு மேலும் இருந்தவர்களில் 7 புள்ளியாவது குறைந்தவர்கள், ஒலி மட்டும் கேட்ட கட்டத்தில் 43.2 வீதம், நாக்கும் சேர்ந்த கட்டத்தில் 58.6 வீதம். உங்கள் ஆளின் 44 இந்தக் கூட்டத்துக்குள்தான் விழுகிறது, ஆகவே கருவி வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நகையை அடகு வைத்து வாங்கப்போவது அந்த 15 வீத இடைவெளியை. அதிலும் ஒரே ஆட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தது, காலம் செய்த வேலை எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

இந்த ஓட்டையைச் சரியாக அடைத்தது மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு, 2023இல் வெளிவந்தது. 99 பேர், தினம் 30 நிமிடம், 6 வாரம், கன்னத்திலோ கழுத்திலோ மின் அதிர்வும் ஒலியும். ஒப்பீட்டுக் கூட்டத்துக்கு ஒலி மட்டும், எது எது என்று தெரியாது. அதிர்வு பெற்றவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் தாடையை இறுக்கினாலோ கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சல் மாறுகிறவர்களை மட்டுமே சேர்த்தார்கள். உங்கள் ஆளைப் பல்லை இறுகக் கடிக்கச் சொல்லிப் பாருங்கள். மாறாவிட்டால் அந்த முடிவு அவருக்குப் பொருந்தாது.

செவிமானி:
அண்ணன் சொன்ன 43 வீதத்தில் ஒலியின் பங்கு எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், ஒலிக்குச் செலவு ஒன்றுமில்லை. தோட்டத்து இரவின் அமைதிதான் இதற்கு முதல் எதிரி. ஸ்டோர் மெஷின் ஓடும்வரை தெரியாது, லயத்தில் விளக்கணைத்ததும் கிளம்பும். போனில் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தத்தை ஓடவிட்டு, தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், இயர்போன் வேண்டாம். அளவுதான் முக்கியம். இரைச்சலை முழுக்க மூடக்கூடாது, இரண்டும் சேர்ந்து கேட்கவேண்டும். மூடுகிற அளவுக்குக் கூட்டினால், நிறுத்தியதும் இரைச்சல் முன்னைவிட உறைப்பாகத் தெரியும். இரவு முழுக்க ஓடட்டும்.

4000இல் 50 என்றால் கேட்கும் கருவியும் போட்டுப் பார்க்கத் தகும். காதை அடைக்காத திறந்த முனை கேளுங்கள். அடைக்கிற அச்சைப் போட்டால் தாழ்ந்த ஒலிகள் வெளியே நின்றுவிடும், இரைச்சல் உள்ளே தனியாக நிற்கும்.

ரோலர் பக்கம் காதுத் தக்கை கட்டாயம். தக்கை இல்லாமல் நிற்கக்கூடிய நேரம் 85 டெசிபெலுக்கு 8 மணித்தியாலம், 88க்கு 4, 91க்கு 2 என்று பாதி பாதியாகக் குறையும். நுரைத் தக்கையை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற தக்கை பாதி வேலைகூடச் செய்யாது. வீட்டுக்கு வந்தபின் தக்கை கூடாது. அமைதியில் அடைத்தால் இரைச்சல் பெருகும். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதையும் கையோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஊவா_செவிலி:
சீ.பீ.டி.யை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) ஏன் ஒருவரும் தொடவில்லை? இருப்பதில் பலமான ஆதாரம் அதற்குத்தானே. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பில் 28 ஆய்வு, 2733 பேர். சும்மா காத்திருந்தவர்களைவிட டி.எச்.ஐ. சராசரியாக 11 புள்ளி அளவு குறைந்தது. சத்தத்தின் அளவு குறைந்தது என்று அர்த்தமில்லை, அது வாழ்க்கையைக் குழப்புவது குறைந்தது. இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் 'இன்னும் கேட்குதே' என்று மூன்றாம் அமர்வோடு நிறுத்திவிடுவார்கள். மாவட்ட வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுக்கும்போது 'காதிரைச்சல், தூக்கக் குறைவு' என்று எழுதுங்கள். வெறுமனே 'மனநலம்' என்றால் ஆள் பஸ் ஏறமாட்டார்.

யாராவது 'புது ஆய்வு, சேருங்கள்' என்று வந்தால் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டு எண் கேளுங்கள், எஸ்.எல்.சி.டி.ஆர். என்று தொடங்கும். அதைத் தளத்தில் போட்டால் ஒப்பீட்டுக் கூட்டம் உண்டா, முதன்மை அளவுகோல் எது, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது எல்லாம் தெரியும். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டி 'இங்கே கையெழுத்து' என்றால் எழுந்து வரலாம். ஆய்வு மருந்துக்குக் காசு கேட்டாலும் அப்படித்தான்.

டிக்கோயா_டிஸ்பென்சரி:
ரொம்ப நன்றி. ஜின்கோ இல்லை, நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும். தக்கை, மழைச் சத்தம், சீ.பீ.டி. கடிதம், கேட்கும் கருவிக்கு ஈ.என்.டி. கிளினிக். டி.எச்.ஐ. மறுபடி எப்போது?

செவிமானி:
12 வாரம் கழித்து. நடுவில் எடுக்கவேண்டாம், அடிக்கடி கேட்டால் கவனம் மறுபடி இரைச்சல் மேலேயே போகும். அதே தமிழ்ப் பிரதி, முடிந்தால் அதே ஆள் வாசிக்கட்டும். 36 அல்லது அதற்குக் கீழே வந்தால் போகிற வழி சரி.