மாதுளைத் தோல் சாறு சாய நீரை வெளுக்கவில்லையே, ஏன்?

கேள்வி: மாணவி, கொருக்குப்பேட்டை
அனைவருக்கும் வணக்கம். முதுகலை வேதியியல் ஆய்வுக்காக, ஜூஸ் கடையில் ஒதுக்கும் மாதுளைத் தோலை மொட்டை மாடியில் காயவைத்து, கொதிநீரில் இட்டு வடித்த சாற்றில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலைச் சேர்த்தேன். மை போலக் கறுத்துத் துகள் படிந்தது. அத்துகளை இட்டதும் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தின் கரைசல் வெளுத்துவிட்டது. ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் பருத்திக்குச் சாயம் போடும் ஒருவரிடம் கேட்டு வாங்கிய சிவப்புக் கழிவுநீரில் அந்தத் துகளும் பலிக்கவில்லை, வெறும் தோல் தூளும் பலிக்கவில்லை; நீர் பழுப்பேறியதுதான் மிச்சம். எங்கள் தெருவின் சாக்கடை பக்கிங்காம் கால்வாயில் கலப்பதை நாள்தோறும் பார்ப்பவள் என்பதால், இதைப் பாதியில் விட மனமில்லை.

பதில்: ஆய்வக வேதியியலர், பெரம்பூர்
மெத்திலீன் நீலம் நேர்மின்னேற்றம் கொண்டது. தோலிலுள்ள பெக்டினின் கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் பெறுவதால் அதைத் தாமே இழுத்துக்கொள்ளும். பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயமோ சல்போனேட் தொகுதிகளால் எதிர்மின்னேற்றம் கொண்டது. சோடா உப்பால் பிஎச் (அமில, கார அளவு) 10, 11 வரை ஏறிய நீரில் தோலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். அமிலம் சேர்த்து பிஎச்சை 3 அளவுக்கு இறக்கி, உங்கள் இரும்புத் துகளோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் அளவாகச் சேருங்கள். அப்போது பிறக்கும், வினைத்திறன் மிகுந்த ஹைட்ராக்சில் ராடிக்கல்தான் சாய மூலக்கூறை உடைக்கும். சாற்றை மட்டும் ஊற்றினால், அதில் கரைந்துள்ள சர்க்கரையும் பாலிபீனாலும் கழிவுநீரின் சிஓடி (மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவைக் கூட்டிவிடும்.

பதில்: சாயத் தொழிலாளி, தண்டையார்பேட்டை
அம்மா, பழுப்பு வந்ததில் வியப்பில்லை. மாதுளை ஓடும் கடுக்காயும் அந்தக் காலத்திலிருந்தே துணிக்கு நிறம் ஏற்றும் சரக்கு. அன்னபேதியோடு சேர்த்தால் துணியே கறுக்கும். இன்னொன்று, அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடுகிறோம். அதை எந்தத் தோலும் எடுக்காது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன வழக்கிலும் நிறத்தோடு உப்பும் பெரிய சிக்கலாக இருந்தது.

பதில்: ஆசிரியர், இராயபுரம்
நீலம் வெளுத்ததையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். ஒடுக்க வினையால் நிறமிழந்த மெத்திலீன் நீலம், காற்றுப் பட்டால் மீண்டும் நீலமாகும். குடுவையை மூடிக் குலுக்கிப் பாருங்கள். உங்கள் சிவப்புச் சாயம் அசோ வகையானால் (நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு கொண்டது), நிறம் போன பின்னும் நச்சுத்தன்மையுள்ள அமீன்கள் நீரில் தங்கக்கூடும்.

மாணவி:
குலுக்கினேன், ஐயா. மேலே விரலகலத்துக்கு நீலம் திரும்பி வந்தது. அடுத்த வாரம் பெராக்சைடு சேர்த்து, சிஓடி அளந்து, இங்கேயே எழுதுகிறேன்.