போலோ காரின் உயரத்தை 30 மி.மீ. இறக்க நினைக்கிறேன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 84,000 கி.மீ. ஓடியது. கோவையில் தினமும் அலுவலகம், மாதம் ஒருமுறை அம்மா அப்பாவோடு பொள்ளாச்சி. டிராக் பக்கம் போகிற எண்ணமே இல்லை. டயருக்கு மேலே நான்கு விரல் தாராளமாக நுழையும் இடைவெளிதான் கண்ணை உறுத்துகிறது.

போன மாதம் ஒரு கடையில் 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் மட்டும் போட்டேன். பழைய டேம்பரையே (ஷாக் அப்சார்பர்) விட்டுவிட்டார்கள். பின்சீட்டில் இருவர் உட்கார்ந்தால் போதும், ஒவ்வொரு வேகத்தடையிலும் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) ‘டொக்’கென்று இடிக்கும். “இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்” என்றார் அம்மா. இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டேன்.

இப்போது மனதில் இருப்பது ஐபாக் ப்ரோ-கிட் ஸ்பிரிங்கோடு பில்ஸ்டைன் பி8 டேம்பர். பி6 கம்பெனி உயரத்துக்கானது, இறக்கிய வண்டிக்குக் குட்டையான பி8தான் சரி என்பது வரை புரிகிறது. ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே செட்டாக வரும் காயில்ஓவர் என்றால் உயரத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் நம் ஊர் சேற்றிலும் புழுதியிலும் அந்த உயரம் மாற்றும் மரை இறுகிப்போகுமே என்று பயம். தவிர, ஒருமுறை வைத்த உயரத்தை நான் மாற்றப்போவதும் இல்லை.

பி8 போட்டு ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஐந்து பேர் ஏறினால் அடி தட்டுகிறதா? ஸ்ட்ரட் மவுண்ட் (முன் டேம்பரை மேலே பாடியோடு பிடிப்பது), பேரிங்கையும் கையோடு மாற்றிவிடலாமா? அப்புறம், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைக் காட்டி எஃப்.சி.யிலோ இன்சூரன்ஸிலோ யாருக்காவது சிக்கல் வந்ததா?