பாட்டில்நெக்: தமிழில் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் தேவை

தென்காசிப் பயிற்றுநர் எழுதியது:
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய விளையாட்டுக் கணினியைக் குறைந்த செலவில் மேம்படுத்துவது குறித்து என் மாணவர்களுக்கு ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். தாய்ப்பலகை, வரைகலை அட்டை (திரையில் படம் உருவாக்கும் உறுப்பு), நினைவகம், மின்வழங்கி என்ற தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சிக்கலின்றி வந்துவிட்டன. 'பாட்டில்நெக்' என்ற ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்; ஓர் உறுப்பு மெதுவாக இருப்பதால் மற்றவையும் முழு வேகத்தில் ஓட முடியாத நிலை அது, பாடத்தின் மையமே அதுதான். 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை கோர் ஐ5 செயலி (கணக்கிடும் மையச் சில்லு), 8 ஜிபி டிடிஆர்3 நினைவகம் கொண்ட கணினியில் ஒரு மாணவன் கடன் வாங்கிப் புதிய வரைகலை அட்டையைப் பொருத்துகிறான். அட்டை பாதி வேலைதான் செய்கிறது, ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறது. போட்ட பணம் ஏன் பலன் தரவில்லை என்று அவனுக்கு விளங்க வேண்டும். 'குப்பிக்கழுத்து' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மருந்துக் குப்பியைத்தான் நினைக்கிறார்கள்.

மதுரை நண்பர்:
முட்டுக்கட்டை. எல்லோருக்கும் புரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோவைப் பொறியாளர்:
முட்டுக்கட்டை வண்டியை நிறுத்திவிடும். இங்கே எதுவும் நிற்பதில்லை. ஓர் உறுப்பின் வேகத்துக்கு இன்னோர் உறுப்பு கட்டுப்பட்டுப் போகிறது, அவ்வளவுதான். அந்த உறுப்பும் எப்போதும் ஒன்றே அல்ல. 1080 வரித் தெளிவுத்திறனில் செயலி திணறும் அதே கணினியை 1440 வரித் திரையோடு இணைத்தால் வரைகலை அட்டை திணறலாம். ஆகவே 'தடை', 'இடையூறு', 'முட்டு' எதுவும் பொருந்தாது. அவை பொருளின் பெயர்கள். நமக்கு வேண்டியது உறவின் பெயர்.

தஞ்சைப் புலவர்:
அன்புடையீர், இந்தச் சொல்லுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார்:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை.

வரும் வழி இட்டிதாக, அதாவது குறுகியதாக, இருந்தாலும் கேடில்லை, போகும் வழி அதைவிட அகலாமல் இருந்தால். நீங்கள் பேசும் கணினிக்கு இதைவிடச் சரியான இலக்கணம் உண்டா? செயலியிலிருந்து வருவது சிறிது, வரைகலை அட்டை கேட்பது பெரிது. 'இட்டி' என்ற சொல் ஒன்றே போதும். இடு, இடுகு, இடுங்கு, இடுக்கு, இடை, இடுப்பு என ஒரு குடும்பமே நிற்கிறது. துன்பத்தில் கண் இடுங்குவதால் 'இடுக்கண்' என்று விளக்குவோரும் உண்டு. இத்தனை வளம் இருக்கும்போது பாட்டிலையும் அதன் கழுத்தையும் ஏன் கட்டி அழ வேண்டும்?

யாழ்ப்பாண நண்பர்:
ஐயா, குறளை எடுத்துக்காட்டிய விதம் மிக நன்று. ஆனால் பரிமேலழகர் 'இட்டிது' என்பதற்குச் சிறிது என்றே பொருள் கொள்கிறார். சிறுமை வேறு, ஒடுக்கம் வேறு. 'இட்டி' என்றதும் எனக்கு அகநானூற்றின் 'இட்டிகை நெடுஞ்சுவர்' நினைவுக்கு வருகிறது. அங்கே அது செங்கல். மாணவன் எங்கே போவான்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் எல்லோரும் 'செயலி' என்கிறீர்கள். கைப்பேசியில் இறக்கிக்கொள்வதும் அதே செயலிதானே? எங்கள் பாடநூல்களில் முறைவழியாக்கி என்று எழுதுவோம். நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

கோவைப் பொறியாளர்:
செயலி பற்றிய வழக்கைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதைத் தொட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

தஞ்சைப் புலவர்:
சிறுமையும் ஒடுக்கமும் ஒரே வேரின் இரு கிளைகள். உரையாசிரியர் அந்த இடத்துக்கு ஏற்ற பொருளைச் சொன்னார். வேரை அவர் மறுக்கவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் பழுதுநீக்கும் கடை நடத்துபவர்:
நான் புலமை உடையவன் அல்லன், தொழிலில் இருப்பவன். வாடிக்கையாளரிடம் நான் சொல்வது இதுதான்: "உங்கள் அட்டைக்குச் செயலி ஈடுகொடுக்கவில்லை." ஒருவர்கூட அதன் பொருளைத் திருப்பிக் கேட்டதில்லை. தமிழில் இதற்கு வினை இருக்கிறது. பெயர்ச்சொல்லைத் தேடி நாம் ஏன் மெனக்கெடுகிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை.

வினையாகச் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதும் கூடவே வரும். எது எதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? 2017இல் வாங்கிய ஏஎம்4 (ஏஎம்டி செயலிகளுக்கான பொருத்துவாய்) பலகை என்றால் பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து ரைசன் 5 5600 செயலி போடச் சொல்வேன். பெரும்பாலான பலகைகள் ஏற்கும், நினைவகமும் அப்படியே இருக்கலாம். நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. பழைய ஐ7 4790 கிடைத்தால் போடலாம். அதைத் தாண்டினால் பலகை, செயலி, நினைவகம் மூன்றையும் மாற்ற வேண்டும். அட்டைக்குப் பணம் கொடுக்கும் முன்பே அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கோவைப் பொறியாளர்:
கடைக்காரர் ஐயா சொன்னது என் கருத்தை மாற்றிவிட்டது. 'ஈடுகொடாமை' என்பது உறவின் பெயர்தான். பாடத்தில் சோதனை முறையையும் சேர்த்துவிடுங்கள். நொடிக்கு எத்தனை படம் என்ற சட்டக எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் ஆட்டத்தை ஓட்டி, வரைகலை அட்டையின் பயன்பாட்டு அளவைப் பார்க்க வேண்டும். 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் எல்லை அட்டையில் இருக்கிறது. 60இல் கிடந்து, தெளிவுத்திறனைக் குறைத்தும் சட்டகங்கள் ஏறவில்லை என்றால் செயலியையும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். நினைவகம் ஒற்றைத் துண்டாக இருந்தால் இணையாக இன்னொன்று போடுவதே மலிவான முதல் மருந்து.

ஆனாலும் புலவர் ஐயாவின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வரைகலை அட்டைக்கு, பலகையோடு தரவு பரிமாற நான்கே தடங்கள். அட்டையைப் பலகையோடு சேர்க்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மூன்றாம் பதிப்பே உள்ள பழைய பலகையில் ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதியாகிறது. அட்டையிலுள்ள 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும், மிச்சம் எல்லாம் அந்த ஒடுங்கிய வழியாகத்தான் வந்தாக வேண்டும். அங்கே உண்மையாகவே வழி இடுங்கியிருக்கிறது. அதை ஈடுகொடாமை என்று சொன்னால் காரணம் மறைந்துவிடும்.

மதுரை நண்பர்:
அப்படியானால் இரண்டு சொற்களா? ஆங்கிலத்தில் ஒன்றுதானே இருக்கிறது?

கோவைப் பொறியாளர்:
ஆங்கிலத்தில் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தென்காசிப் பயிற்றுநர்:
எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். பாடத்தின் தலைப்பில் 'இடுக்கு' என்று போடுகிறேன். நால்வர் அதற்கு உடன்பட்டுத் தனியே எழுதியிருக்கிறார்கள். உள்ளே விளக்கம் முழுவதும் 'ஈடுகொடுக்கவில்லை' என்ற வினையில்தான் போகும். வகுப்பில் படித்துக் காட்டினேன், யாரும் கை தூக்கவில்லை. சொல்லடைவில் 'பாட்டில்நெக்' என்பதையும் தமிழ் எழுத்திலேயே சேர்க்கிறேன், கடைக்குப் போனால் அவர்கள் காதில் விழும் சொல் அது. புலவர் ஐயா, குறளைப் பாடத்தின் முகப்பில் வைத்திருக்கிறேன்.

தஞ்சைப் புலவர்:
குறளை வைத்ததற்கு மகிழ்ச்சி. 'இடுக்கு' என்பதை நான் ஏற்கவில்லை. அது சந்து, மூலை, கதவிடுக்கு என்று பல வேலை பார்க்கும் சொல். கலைச்சொல் ஒரு வேலைதான் பார்க்க வேண்டும். அடுத்த பதிப்புக்கு முன் 'இட்டி'யை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாண நண்பர்:
அப்போது 'செயலி'யையும் எடுத்துக்கொள்வோம், ஐயா.