முட்டத்துப் பாறையடியில் அடப்பலகை முறிந்தால்? பாய் விரித்த கட்டுமரத்தில் போனவர்கள் எழுதுங்கள்

நீரோடிக் கரை:
மாசி மாதம், மதியத்துக்கு மேல். குமரிக் கரையில், முட்டத்திலிருந்து குளச்சலுக்குத் திரும்பும் கட்டுமரம், மூன்று பேர். இந்தத் திசையில் கரை வலப்பக்கம். மதியக் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் மரத்தைப் பாறைப் பக்கமே தள்ளும். பாயை இழுத்துப் பிடித்துக் காற்றை அறுத்துத்தான் போக வேண்டும். அப்படிப் போக, மரம் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் அடப்பலகை முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அது நீருக்குள் நெஞ்சளவு ஆழத்துக்கு நிற்கும். கடியப்பட்டணத்தை நெருங்கும்போது நீருக்குள் முங்கிக் கிடந்த பாறையில் மோதி, நீர்மட்டத்திலேயே பலகை முறிந்தது. அணியம் (முன்முனை) குளச்சலைத்தான் பார்த்தது, மரமோ நண்டுபோலப் பக்கவாட்டில் வெள்ளை நுரைக்குள் நகர்ந்தது. அந்த நகர்வு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

செய்தது இதுதான். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை விட்டுப் பாயின் காற்றைக் கழித்தார்கள், உடனே பாய் கட்டிய கழியான பருமலை இறக்கினார்கள். பலகை இல்லாத மரத்தில் பாய் நின்றால் அதுவே கரைக்குத் தள்ளும். இரண்டு பேர் தொளவை (துடுப்பு) போட, மூன்றாமவர் இன்னொரு தொளவையைப் பலகை இருந்த இடத்தில் செங்குத்தாகச் செருகிக் கட்டினார். கால்வாசிக்குத்தான் உதவியது. இருந்தும் அதுதான் மரத்தை நிறுத்தியது.

பூவார் பொழி:
அண்ணே, பாறையைக் குறை சொல்லிப் பயனில்லை. பலகையின் கழுத்தை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். உருவுமுடிச்சுப் போட்டு, வால்நுனி பிற்றலை (பின்முனை) ஆளின் காலடிக்கு வந்திருந்தால் தட்டியதும் ஒரே இழுப்பில் மேலே தூக்கியிருக்கலாம். எங்கள் பொழிமுகத்திலும் இதே தொல்லைதான். அங்கே பாறை கிடையாது, மணல்திட்டு. மழைக்குப் பிறகு நெய்யாறு வாயை உடைத்துக்கொண்டு வெளியேறும்போது திட்டு இடம் மாறிவிடும், நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று முழங்காலளவு. பலகை மணலைத் தொட்டதும் மரம் அதையே அச்சாக வைத்துச் சுழலும், பக்கவாட்டில் அலை ஏறும், கவிழும்.

குளச்சல் துறை:
பலகையைவிடக் கட்டுத்தான் முக்கியம் என்பேன். மரங்களைப் பிணைக்கும் நார்க்கயிற்றை ஈரத்தில் கட்டவே கூடாது. ஈரத்தில் இறுக்கியது உலர்ந்ததும் தளரும். உலர்ந்த நிலையில் இறுக்கியது தண்ணீர் பட்டதும் நார் ஊதி இன்னும் இறுகும். கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவது இதற்காக மட்டுமல்ல. மரம் அல்பீசியாவோ மலைவேம்போ, நனைந்துகொண்டே இருந்தால் நீர் குடித்துப் பாரமாகும், மிதப்பு குறையும். அந்த மரம் எத்தனை நாளாகக் காயவில்லை என்று யாராவது கேட்டார்களா?

விழிஞ்ஞம் மேற்கு:
நீரோடிக் கரை சொன்ன பலகை, பூவார் சொன்ன முடிச்சு, இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்றில்லாமலே வரும் அலையை மூன்று பேரும் சொல்லவில்லை. பாயில் போகிறவர் காற்றைப் பார்த்து ஏமாறுவது கள்ளக்கடலில். கரையில் ஓலைகூட அசையாது, வானம் தெளிவாக இருக்கும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த புயலின் அலை பல நாள் நடந்து நம் கரைக்கு வரும். ஆழத்தில் வெறும் ஏற்ற இறக்கம்தான், மரத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. பாறையடியிலும் கரையிலும்தான் நிமிர்ந்து எழும். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 15 விநாடிக்கு மேல் நீண்டால் பாறை பக்கம் போகாதீர்கள். இன்காய்ஸ் (கடல்சார் தகவல் சேவைக்கான இந்திய தேசிய மையம்) விடுக்கும் பேரலை எச்சரிக்கையைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் பாயை எடுக்க வேண்டும். காற்று எச்சரிக்கை வேறு, இது வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் நம் கரைகள் இழந்ததை நினைத்தால் இதில் சோம்பலுக்கு இடமே இல்லை.

சின்னத்துறை:
யாரும் கேட்கவில்லை, இருந்தும் முதன்முறை ஆளாகச் சேர வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். செருப்பு வேண்டாம், நனைந்த மரத்தில் வெறுங்காலே பிடிக்கும். மரங்களின் இடுக்கில் விரலை விடாதீர்கள், அலையில் மரங்கள் ஒன்றோடொன்று உரசும்போது நசுங்கும். ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர், மூடியை இறுக்கி, கன்னாசைக் கயிற்றில் கட்டி. கத்தி ஒன்று கட்டாயம். சிக்கிய தாமானை அவிழ்க்க நேரமிருக்காது, அறுக்கத்தான் நேரமிருக்கும். தாமானைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, ஒரு வீச்சுக் காற்றில் மணிக்கட்டு போய்விடும்.

கிளம்புவது விடியலுக்கு முன், கரைக்காற்று கடலுக்குத் தள்ளும்போது. முட்டம்போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமுனையின் மறைவில் காற்று செத்துப் பாய் தொங்கும். முனையைத் தாண்டிய அடுத்த நொடி முழுக்காற்றும் மொத்தமாகப் பாயில் விழும். அதற்கு முன்பே தாமானை அரைக்கு இளக்கிவையுங்கள். பாறையில் மோதித் திரும்பும் அலை எதிரலையோடு சேரும் இடம் கொதிப்பதுபோல் தெரியும். அந்தக் கொதிப்புக்கு வெளியே போக வேண்டும், ஓரமாக அல்ல.

கரையைப் பார்த்து இடம் குறிக்கும் கணியத்தை ஒரே அடையாளத்தில் வைக்காதீர்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னால் மலையும் ஒரு கோடு, கலங்கரை விளக்கும் வேறொரு மேடும் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் நீங்கள் நிற்கும் இடம். நீருக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டான பாரைத் தவிர்க்கவும் அதே கணக்குதான்.

கரை ஏறும்போது அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, பாயும் பருமலும் இறங்கிய பிறகு, அடப்பலகையை உருவி மரத்தின்மேல் கட்டுங்கள். பெரிய அலைகள் அடுக்காக வரும். கடைசிப் பெரிய அலையின் முதுகைப் பிடித்துத் தொளவை போட்டால் அது கொண்டுபோய் விடும். முன்னால் ஓடினால் முறியும் அலை பிற்றலையைத் தூக்கிவிடும்.

நீரோடிக் கரை:
பூவார் சொன்ன உருவுமுடிச்சு சரிதான், அன்று போட்டது இறுக்குமுடிச்சு. குளச்சல் கேட்டதற்குப் பதில்: ஆறு நாள் காயவில்லை. இப்போது மாற்றுப் பலகை ஒன்று எப்போதும் மரத்தில் உண்டு, அணியத்தில் அல்ல, பிற்றலை ஆள் எழாமலே கை எட்டும் இடத்தில்.