வரிசையும் மாறக்கூடாது, பில்லும் ஏறக்கூடாது: மெசேஜ் கியூ அனுபவங்கள்

முதல் பதிவு

ஒரு புரோகிராம் அனுப்பும் மெசேஜை இன்னொன்று எடுத்துச் செய்யும்வரை வைத்திருப்பதுதான் மெசேஜ் கியூ. ஆன்லைன் கடையின் ஆர்டர் நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் பதிவு, பணம் வரவு, பார்சல் அனுப்பியது, ரத்து என்று நாளுக்கு 10 லட்சம் மெசேஜ், ஒவ்வொன்றும் 2 கேபி. பணம் வரவுக்கு முன்னால் ரத்து ஓடிவிட்டால் ரீஃபண்ட் போகாது. வரிசை என்றதும் பலர் காஃப்கா கிளஸ்டர் (பல சர்வரில் ஓடும் மெசேஜ் அமைப்பு) போடக் கிளம்பிவிடுகிறார்கள். மெசேஜ் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று புரோக்கருக்கு, அதாவது அதன் சர்வர்களுக்கு, வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஆர்டருக்குள் மட்டும் வரிசை போதும் என்றால் அமேசானின் கியூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் ஃபிஃபோ வகை (முதலில் வந்தது முதலில் போகும்) தாராளம்.

அனுப்ப, எடுக்க, அழிக்க என மெசேஜுக்கு 3 ரிக்வெஸ்ட். மாதம் 3 கோடி மெசேஜுக்கு 9 கோடி. வர்ஜீனியா ரீஜன் விலைப்படி 10 லட்சம் ரிக்வெஸ்ட்டுக்கு 0.50 டாலர், ஆக 45 டாலர். பத்துப் பத்தாக பேட்ச் செய்தால் 4.50 வரை இறங்கும். 64 கேபி வரை ஒரே ரிக்வெஸ்ட் கணக்கு என்பதால் பத்து மெசேஜின் 20 கேபியும் ஒன்றில் அடங்கிவிடுகிறது. ஆனால் எடுக்கும்போது எப்போதும் பத்து சேர்ந்து வராது, நிஜ பில் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

காலி கியூவைத் தட்டிப் பார்ப்பதற்கும் காசு உண்டு. லாங் போலிங்கை (மெசேஜ் வரும்வரை ஒரு ரிக்வெஸ்ட் காத்திருக்கும் நேரம்) 20 வினாடிக்கு வைத்தால், கியூ காலியாகவே கிடந்தாலும் ஒரு கன்ஸ்யூமருக்கு (மெசேஜை எடுத்துச் செய்யும் புரோகிராம்) மாதம் 1,29,600 ரிக்வெஸ்ட்தான். பூஜ்யத்தில் விட்டு வினாடிக்கு 10 முறை கேட்டால் சுமார் 2.6 கோடி, அதாவது வெறுமனே 13 டாலர்.

மறுமொழி

செலவைவிட முக்கியம் மெசேஜ் குரூப் ஐடி. ஒரே ஐடி உள்ள மெசேஜ்களுக்குள் மட்டும்தான் வரிசை காக்கப்படும். பல கோட்பேஸில் அதில் ஒரே மதிப்பை ஹார்ட்கோட் செய்து வைத்திருப்பார்கள். அப்போது மொத்தக் கியூவும் ஒற்றை வரிசை. ஒரு மெசேஜுக்கு 200 மில்லிவினாடி பிடித்தால் வினாடிக்கு 5, நாளுக்கு 4,32,000. எத்தனை கன்ஸ்யூமர் கூட்டினாலும் இதே எண்தான். 10 லட்சம் வருகிற இடத்தில் தேக்கம் ஏறிக்கொண்டே போகும். சேமிப்புக் காலம் இயல்பாக 4 நாள். ஏழு நாளில் முன்வரிசை மெசேஜின் வயது அதைத் தொட்டுவிடும். பிறகு சத்தமில்லாமல் அழியத் தொடங்கும். காலாவதியான மெசேஜ் டெட் லெட்டர் கியூவுக்கும் (திரும்பத் திரும்பத் தோற்றவற்றை ஒதுக்கி வைக்கும் கியூ) போகாது. ஆகவே கியூவின் நீளத்துக்கு மட்டுமல்ல, மிகப் பழைய மெசேஜின் வயதுக்கும் அலாரம் வையுங்கள்.

குரூப் ஐடியாக ஆர்டர் எண்ணையே கொடுங்கள். வாடிக்கையாளர் எண் கொடுத்தால், மொத்த வியாபாரி ஒருவர் ஆயிரம் ஆர்டர் போடும் நாளில் அவருடையது மட்டும் பின்தங்கும்.

மறுமொழி

டூப்ளிகேட் நீக்கத்தையும் கவனியுங்கள். உள்ளடக்கத்தை வைத்து நீக்கும் வசதியை இயக்கினால், மெசேஜ் பாடியின் ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மட்டுமே பார்க்கப்படும். பாடிக்கு வெளியே சேர்க்கும் விவரங்களான அட்ரிபியூட்கள் கணக்கில் வராது. ஒரே வாலட்டுக்கு 50 ரூபாய் இரண்டு முறை, 5 நிமிடத்துக்குள், பாடியும் ஒன்றே என்றால் இரண்டாவது காணாமல் போகும். அனுப்பியவருக்கு ‘வெற்றி’ என்றே பதில் வரும், லாக்கில் ஒரு தடயமும் இருக்காது. நிகழ்வுக்கென உருவாக்கிய ஐடியையே டீடூப்ளிகேஷன் ஐடியாகக் கொடுப்பது பாதுகாப்பு. 5 நிமிடம் தாண்டி புரொட்யூசர் (அனுப்பும் புரோகிராம்) மறுபடி அனுப்பினால் அது புது மெசேஜ்தான். டேட்டாபேஸில் அந்த ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகாத விதி) இல்லாமல் தப்ப முடியாது.

மறுமொழி

விசிபிலிட்டி டைம்அவுட், அதாவது ஒருவர் எடுத்த மெசேஜ் மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம், இயல்பாக 30 வினாடி. வேலை 40 வினாடி இழுத்தால், முடித்துவிட்டு டெலீட் செய்யப் போகும்போது ரிசீட் ஹேண்டில் (எடுத்தபோது கிடைத்த, அழிக்கத் தேவையான சீட்டு) காலாவதி என்று எரர் வரும். அதற்குள் அதே மெசேஜ் இன்னொரு கன்ஸ்யூமர் கையில். பேட்ச் எடுக்கிறவர்கள் பத்து மெசேஜுக்கும் சேர்த்து நேரம் கணக்கிட வேண்டும், கடைசி மெசேஜுக்கும் கடிகாரம் முதலிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

அமேசான் லாம்ப்டாவில் (சர்வரை நாம் பராமரிக்காமல் கோட் ஓட்டும் சேவை) பத்து மெசேஜ் பேட்சில் நான்காவது மெசேஜ் தோற்றால் அங்கேயே நிறுத்தி, நான்கு முதல் பத்து வரை எல்லாவற்றையும் தோல்விப் பட்டியலில் திருப்பித் தர வேண்டும். நான்கை மட்டும் சொல்லிவிட்டு ஐந்தை ஓட்டினால் வரிசை போச்சு. டெட் லெட்டர் கியூவும் அப்படியே: கெட்ட மெசேஜ் ஒதுங்கிய நொடியில் அதே ஆர்டரின் அடுத்த நிகழ்வு ஓடும். அதைத் தடுக்க ஆர்டர் ரெக்கார்டில் ‘நிறுத்தம்’ என்றொரு நிலை வைத்து, கன்ஸ்யூமர் அதைப் பார்த்த பிறகே தொடர வேண்டும்.

மறுமொழி

வேறு கிளவுடில் இருப்பவர்களுக்கு. கூகுளின் மெசேஜ் சேவையான பப்சப்பில் குரூப் ஐடி போல ஆர்டரிங் கீ உண்டு, ஆனால் சப்ஸ்கிரிப்ஷன் (மெசேஜ் பெறும் இணைப்பு) உருவாக்கும்போதே வரிசையை இயக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. ஒரு மெசேஜ் மறுபடி வந்தால் அந்தக் கீயில் அதற்குப் பின்னால் உள்ளவையும், ஏற்கெனவே அக் (பெற்றதாக ஒப்புதல்) செய்திருந்தாலும், திரும்ப வரலாம். மைக்ரோசாஃப்டின் அஷூர் சர்வீஸ் பஸ்ஸில் இதே வேலைக்கு செஷன். பேசிக் அடுக்கில் கிடையாது, ஸ்டாண்டர்ட் எடுக்க வேண்டும்.

அமேசானின் கைனசிஸ் (நிகழ்வுகளைச் சேமித்து வைக்கும் ஸ்ட்ரீம் சேவை) எடுப்பது, பழைய நிகழ்வுகளை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியவர்களுக்குத்தான். பேட்சாக எழுதும்போது சில ரெக்கார்ட் மட்டும் தோற்கலாம். அவற்றை மட்டும் எடுத்து மறுபடி அனுப்பினால் முன்னால் போக வேண்டியது பின்னால் போய்விடும்.